பர்ஃப்யூம் என்கிற ஒற்றைச் சொல்

கடையில் சோப்பு வாங்கும்போது எல்லாரும் உறையை மூக்குக்குக் கொண்டு போவார்கள். நான் உறையைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிப்பேன். எட்டு வருஷப் பழக்கம். சோடியம் பால்மேட், தண்ணீர், கிளிசரின், உப்பு, நிறமியின் எண் என்று வரிசையாக எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கும். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் 'பர்ஃப்யூம்' என்று ஒற்றைச் சொல்லோடு முடித்திருப்பார்கள். மற்றதெல்லாம் பொருளின் பெயர். இது பெட்டியின் பெயர். பெட்டிக்குள் பத்துப் பொருள் இருக்கலாம், நூறும் இருக்கலாம். வாசனைத் தொழில் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் மூலப்பொருட்கள் மூவாயிரத்துக்கும் மேல். அதில் எது எது இந்தச் சோப்பில் என்று கேட்டால், அது தொழில் ரகசியம்.

எனக்கு வாசனைப் பொருள் அலர்ஜி. தும்மல், மூக்கடைப்பு வகை இல்லை, தோலில் வருவது. காது மடலுக்குப் பின்னால், கழுத்தில், அக்குளில், விரல் இடுக்கில். முதலில் அரிக்கும், பிறகு தடிக்கும், கடைசியில் கறுத்துப் போய் அப்படியே மாசக்கணக்கில் நிற்கும். ஒவ்வாத பொருள் எதுவென்று தெரிந்தால் அதைத் தொடாமல் இருந்துவிடலாம், அதுதான் ஒரே வைத்தியம். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய அந்தப் பொருள்தான் பெட்டிக்குள் கிடக்கிறது. இந்தப் பெட்டியை யார் பூட்டினார்கள், யார் யார் எவ்வளவு திறந்தார்கள் என்று தேடிப் படித்ததில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிடணும். 'செண்ட் ஒத்துக்கல' என்று நாம் ஒரே வாக்கியத்தில் சொல்வதற்குள் குறைந்தது இரண்டு நோய் இருக்கிறது. ஒன்று, வாசனை காற்றில் வந்ததும் மூச்சு இறுக்கம், தலைவலி, இருமல். ஆஸ்துமாக்காரர்களுக்கும் ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். இதில் பெரும்பகுதி எரிச்சல்தான், அலர்ஜி என்ற சொல்லின் கறாரான அர்த்தத்தில் வராது. இன்னொன்று தொடு ஒவ்வாமை. வாசனைப் பொருளின் மூலக்கூறு மிகச் சின்னது. தோலுக்குள் நுழைந்து அங்கிருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பின் காவல் செல்கள் அதை அந்நியன் என்று ஒரு முறை குறித்துக்கொண்டால், அந்தக் குறிப்பு பெரும்பாலும் ஆயுசுக்கும் அழியாது. அடுத்த முறை பட்டால் ஒன்று இரண்டு நாள் கழித்துத்தான் வெடிக்கும். அந்தத் தாமதம்தான் ஆளைக் குழப்புகிறது. செவ்வாய்க்கிழமை கழுத்து அரித்தால், ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தில் யாரோ கையில் தடவிய அத்தர் யாருக்கு ஞாபகம் வரும்?

இந்தத் தாமதத்தை வைத்தே ஒரு சோதனை செய்யலாம் என்று காட்டியவர் யோசப் யாடசோன். 1895-ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் நடந்த ஜெர்மன் தோல் மருத்துவர்கள் மாநாட்டில் இதைச் சொன்னார். அவர் சோதித்தது வாசனைப் பொருளை இல்லை, பாதரச மருந்தை. சந்தேகப்படும் பொருளைக் கொஞ்சமாகத் தோலில் வைத்து, மேலே பட்டி போட்டு ஒட்டி, காத்திருந்து பார். அந்த இடத்தில் மட்டும் படை வந்தால் அதுதான் காரணம். யோசனை அவ்வளவுதான். 130 வருஷம் ஆகியும் அடிப்படை மாறவில்லை. எனக்குச் செய்ததும் இதேதான்: முதுகில் வரிசையாகச் சின்னச் சின்னக் கிண்ணங்கள், 48 மணி நேரம் ஒட்டிய பட்டி, குளிக்கக் கூடாது, வியர்க்கக் கூடாது. மே மாசத்தில் வியர்க்கக் கூடாதாம்! எடுத்த பிறகு இரண்டு நாள் கழித்து மறுபடி பார்த்தார்கள். இரண்டு கட்டம் தடித்திருந்தது. ஒன்று 'வாசனைக் கலவை', மற்றது 'பெரு பால்சம்'.

அந்த இரண்டு பெயரும் எங்கிருந்து வந்தன என்று பார்க்கும் முன், இன்னும் பழைய கதை ஒன்று. ஜெர்மனியின் கொலோன் நகரில் 1709-ல் ஃபரினா குடும்பம் தொடங்கிய நிறுவனம்தான் 'கொலோன் தண்ணீர்' என்ற பெயரை உலகத்துக்குக் கொடுத்தது. எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமோட் எண்ணெய்களைச் சாராயத்தில் கரைத்த திரவம். இருநூறு வருஷம் ஐரோப்பா அதைக் கழுத்தில் ஊற்றிக்கொண்டது. 1916-ல் ஃப்ராயிண்ட் என்ற மருத்துவர், கொலோன் பூசி வெயிலில் போனவர்களுக்குப் பூசிய இடம் பழுப்பாகக் கறுப்பதைப் பதிவு செய்தார். திரவம் வழிந்த தடத்திலேயே கறுப்பு, துளி துளியாக, தாரை தாரையாக. 1925-ல் ரோசன்தால் இதற்குப் 'பெர்லோக்' தோல் அழற்சி என்று பெயர் வைத்தார். பெர்லோக் என்றால் சங்கிலியில் தொங்கும் சின்னப் பதக்கம். கழுத்தில் பதக்கம் தொங்குவது போலக் கறுப்பு! பெர்கமோட் எண்ணெயில் இருக்கும் பெர்காப்டென் வெயிலோடு சேர்ந்து தோலைச் சுடுகிறது என்பது பின்னால் தெரிந்தது. கறாராகச் சொன்னால் இதுவும் அலர்ஜி இல்லை, யாருக்கு வேண்டுமானாலும் வரும். ஆனால் அழகுக்காகப் பூசும் ஒன்று அழகைக் கெடுக்கும் என்று மருத்துவர்கள் எழுதி வைத்த ஆரம்பக் குறிப்புகளில் இது முக்கியமானது.

அதற்குள் வாசனைத் தொழிலே தலைகீழாக மாறியிருந்தது. 1868-ல் வில்லியம் பெர்கின் கூமரினை ஆய்வுக்கூடத்தில் செய்தார். 1874-ல் வனிலின். 1888-ல் ஆல்பர்ட் பவுர் வெடிமருந்து ஆராய்ச்சி செய்யப் போய், கஸ்தூரி மணக்கும் ஒரு பொருளோடு வந்தார். நம்ம ஊர் கஸ்தூரி வெண்டை விதையின் மணத்தைப் போலச் செய்தார்கள் என்பதால் அந்தக் குடும்பத்தில் ஒன்றுக்கு 'மஸ்க் ஆம்ப்ரெட்' என்று பெயர். (அது ஷேவிங் லோஷன்களில் ஏறி, 1970களின் கடைசியில் வெயில் பட்டால் முகம் வெந்துபோகும் ஆண்களை உருவாக்கி, 1990களில் ஐரோப்பாவில் தடையானது தனிக்கதை.) இதனால் வாசனை மலிவானது. மலிவானதும் பணக்காரர் கைக்குட்டையிலிருந்து இறங்கி சோப்பு, பவுடர், துணித்தூள், தரை துடைக்கும் திரவம் என்று எல்லாவற்றிலும் புகுந்தது. செண்ட் பாட்டிலே வாங்காத வீட்டிலும் காலையிலிருந்து ராத்திரி வரை பத்துப் பதினைந்து வாசனைக் கலவை தோலில் படும் நிலை வந்தது இப்படித்தான்.

பெரு பால்சத்துக்கு வருவோம். பெயரில்தான் பெரு, மரம் எல் சால்வடோரில். ஸ்பானிஷ் ஆட்சியில் பெரு துறைமுகம் வழியாகக் கப்பல் ஏறியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மரப்பட்டையைக் காயப்படுத்தி எடுக்கும் கருப்புப் பிசின். வனிலா, பட்டை, கிராம்பு கலந்த மாதிரி மணக்கும். புண் மருந்தாக நெடுங்காலம் ஐரோப்பியர் தடவினார்கள். டென்மார்க்கின் நீல்ஸ் ஹியோர்த் 1961-ல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் பிசினுக்குத் தடிக்கிறவர்களில் பலருக்கு வாசனைப் பொருட்களும் மசாலாப் பொருட்களும் ஒத்துக்கொள்வதில்லை என்பதை விரிவாகக் காட்டினார். ஒரே பிசினில் பல வாசனை மூலக்கூறுகள் இயற்கையாகவே சேர்ந்திருப்பதால், மூடிய பெட்டியை வெளியிலிருந்து தட்டிப் பார்க்கும் குச்சி மாதிரி அது பயன்பட்டது.

அடுத்த குச்சி அமெரிக்காவிலிருந்து. வால்டர் லார்சன் 1977-ல், வாசனை அலர்ஜி இருக்கிற 20 பேரைத் தனித்தனி வாசனைப் பொருட்களால் சோதித்து எழுதினார். அந்த வேலையின் தொடர்ச்சியாகத்தான் எட்டுப் பொருள் கொண்ட 'வாசனைக் கலவை' உலகம் முழுக்க ஒட்டுச் சோதனையில் நின்றது. எட்டு என்னென்ன என்று பார்த்தால் சமையலறை மாதிரி இருக்கும். கிராம்பில் இருக்கும் யூஜெனால். ஜாதிக்காயில் இருக்கும் ஐசோயூஜெனால். பட்டையின் சின்னமால், அதன் தம்பி சின்னமைல் ஆல்கஹால். ரோஜாவின் ஜெரானியால். ஆய்வுக்கூடத்தில் செய்த ஹைட்ராக்சி சிட்ரோனெல்லால், ஆமைல் சின்னமால். கடைசியாக ஓக் மரத்தில் படரும் ஒரு பாசி. செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசிக்கு ஒரு வகையில் உறவு, இரண்டும் லைக்கன்கள்.

லார்சன் எழுதியதில் என்னை நிறுத்தி வைத்த விஷயம் வேறு. 1979-ல் அவர் எழுதிய கட்டுரை, தோல் நோய்க்கென்றே விற்ற ஒரு மருந்துக் களிம்பில் சேர்த்திருந்த வாசனையால் வந்த அலர்ஜியைப் பற்றியது. படைக்குத் தடவும் மருந்தே படையைக் கொடுக்கிறது! மருந்து மணக்க வேண்டும் என்று யார் கேட்டது?

இந்த வரலாற்றில் என் சொந்தக் கதையோடு நெருங்கி வருவது ஜப்பான். 1960களிலும் 70களிலும் அங்கே ஏராளமான பெண்களுக்கு முகம் பழுப்பாகவும் சாம்பல் படிந்த மாதிரியும் கறுத்தது. கன்னம், நெற்றி, சில பேருக்கு முகம் முழுக்க. பெரிய அரிப்பு இல்லாமலே கூட வரும். முதல் உலகப் போர்க் காலத்தில், 1917-ல், வியன்னாவில் ரீல் என்ற மருத்துவர் இப்படி ஒரு கறுப்பை விவரித்திருந்ததால் ஜப்பானிலும் அதே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஹிடியோ நாகயாமாவும் அவருடைய குழுவினரும் இந்தப் பெண்கள் பூசும் பொருட்களைப் பிரித்துப் பிரித்து ஒட்டுச் சோதனை செய்தார்கள். பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிற வேலை. கிடைத்த பெயர்கள்: பென்சைல் சாலிசிலேட், ஹைட்ராக்சி சிட்ரோனெல்லால், இலாங் இலாங் எண்ணெய், கனாங்கா எண்ணெய், மல்லிகைச் சாறு. கூடவே ஒரு சிவப்புச் சாயத்தில் கலந்திருந்த மாசு.

மல்லிகை என்று படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. பூவைத் தலையில் வைப்பது வேறு, கரைப்பான் போட்டு இழுத்த சாற்றைத் தினமும் முகத்தில் தேய்ப்பது வேறு என்பதை மனசு ஏற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நாகயாமா கண்டுபிடித்ததோடு நிற்கவில்லை. ஒவ்வாத பொருட்களை நீக்கிய சோப்பையும் அழகுப் பொருட்களையும் மட்டும் நோயாளிகள் பயன்படுத்தும்படி ஒரு முறையை ஏற்படுத்தினார். முகத்தில் படுவது எல்லாமே அந்த வகையாக இருக்க வேண்டும், ஒன்று தவறினாலும் பலிக்காது. ஒரு வருஷம், அதற்கு மேலும் ஆனது. ஆனால் முகங்கள் பழைய நிறத்துக்குத் திரும்பின. 1970களின் இறுதியில் ஜப்பானின் பெரிய நிறுவனங்கள் அந்தப் பொருட்களைக் கைவிட ஆரம்பித்ததும் புதிதாக நோயாளிகள் வருவது வெகுவாகக் குறைந்தது.

ஏன் இதை நீட்டிச் சொல்கிறேன் என்றால், வெள்ளைத் தோலில் இந்த அலர்ஜி சிவப்பாகத் தெரியும், புத்தகப் படங்களும் சிவப்பாகவே இருக்கும். நம் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. பல சமயம் கறுப்பாகவே வந்து நிற்கும். கறுப்பை இங்கே யார் நோய் என்று பார்க்கிறார்கள்? "கழுத்து இப்படிக் கறுத்துப் போச்சே கண்ணு, கவரிங் சங்கிலி போட்டியா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கடலை மாவு, பயத்த மாவு, எலுமிச்சைச் சாறு, அப்புறம் நிறம் கூட்டும் கிரீம். அந்தக் கிரீமிலும் வாசனை. மறைக்கப் போடும் பவுடரிலும் வாசனை. கறுப்பை மறைக்கப் பூசுவதே கறுப்புக்குக் காரணமாக இருந்தால் அந்தச் சுழல் எங்கே போய் முடியும்? எனக்கு இரண்டு வருஷம் மூன்று களிம்பு மாற்றிக் கொடுத்தார்கள், ஒட்டுச் சோதனை என்ற பேச்சே வரவில்லை. நான்காவது டாக்டர்தான் என் காதுக்குப் பின்னால் விரலால் தடவிப் பார்த்து, "தலைக்கு என்னம்மா போடறீங்க, துணிக்கு என்ன போடறீங்க?" என்று கேட்டார். இந்தியத் தோல் மருத்துவர்கள் வைத்திருக்கும் இந்தியச் சோதனைத் தொகுப்பில் வாசனைக் கலவையும் பெரு பால்சமும் இருக்கின்றன. கேட்டுச் செய்துகொள்ளலாம் என்பது தெரிந்தாலே பல பேருக்குக் களிம்புச் செலவு மிச்சம்.

சரி, லேபிள். 1980-ல் ஜப்பான் அரசு, அலர்ஜி தரக்கூடிய பொருட்கள் கலந்திருந்தால் உறையில் பெயரைப் போட வேண்டும் என்று பட்டியல் ஒன்றை அறிவித்தது. 102 பொருட்களைப் பெயர் சொல்லிக் குறித்தார்கள். 103-ஆவதாக ஒன்று: 'வாசனைப் பொருள்'. அவ்வளவுதான், ஒரே சொல். முகம் கறுத்த அத்தனை பெண்களுக்குப் பிறகும், எந்தெந்த மூலக்கூறு என்று தெரிந்த பிறகும், பெட்டி பெட்டியாகவே இருந்தது. அமெரிக்காவிலும் அதே கதைதான். 1970களில் அழகுப் பொருட்களுக்கு உட்பொருள் பட்டியல் கட்டாயமானபோது, வாசனைக்கு மட்டும் 'ஃப்ராக்ரன்ஸ்' என்று போட்டால் போதும் என்று விலக்குக் கொடுத்தார்கள். தொழிலின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு வாசனையின் செய்முறைக்குக் காப்புரிமை வாங்கிப் பாதுகாப்பது கஷ்டம், ரகசியமாக வைப்பது ஒன்றுதான் வழி. ஆனால் முழுச் செய்முறையைச் சொல் என்று யாரும் கேட்கவில்லையே. படை வரவழைக்கும் நாலு பெயரைச் சொன்னால் போதும்.

அந்த நாலு பெயரைச் சொல்ல வைத்தது ஐரோப்பா. 2003-ல் வந்த திருத்தத்தின்படி, 2005 மார்ச் முதல், 26 வாசனைப் பொருட்களைப் பெயர் சொல்லி அச்சிட வேண்டும்: கழுவாமல் விடும் கிரீம் போன்றவற்றில் 0.001 சதவீதத்துக்கு மேல் இருந்தால், கழுவிவிடும் சோப்பு, ஷாம்புவில் 0.01 சதவீதத்துக்கு மேல் இருந்தால். நம்ம ஊர்க் கடையிலேயே சில ஷாம்பு பாட்டில்களில் 'பர்ஃப்யூம்' என்ற சொல்லுக்கு அப்பால் லினலூல், லிமோனீன், ஜெரானியால், கூமரின் என்று வால் மாதிரி ஒரு வரி நீள்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வால் பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்தது. அந்த வாலுக்காகவே நான் சில சமயம் நாற்பது ரூபாய் கூடக் கொடுத்து வாங்குவேன்.

பெயர் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு லைரால் ஒரு நல்ல உதாரணம். இது லில்லி மாதிரி மணக்கும் செயற்கைப் பொருள். சோதனைக்காரர்கள் 1990களிலிருந்தே இதைக் கவனித்து வந்தார்கள். 26 பட்டியலில் இதுவும் ஏறியது. 2005-ல் வந்த இரண்டாம் வாசனைக் கலவையிலும் சேர்ந்தது. எண்ணிக்கை சேரச் சேர மறுக்க முடியாமல் போனது. 2017-ல் ஐரோப்பா தடை அறிவித்தது. ஓக் பாசியில் இருக்கும் இரண்டு மூலக்கூறுகளும் கூடவே போயின. 2019 ஆகஸ்ட் முதல் புதிதாகச் சந்தைக்கு வரக் கூடாது, 2021 ஆகஸ்ட் முதல் கடையிலேயே இருக்கக் கூடாது. வாசனை ரசிகர்கள் பாசி இல்லாமல் பழைய வாசனைகள் செத்துப்போயின என்று இன்றைக்கும் புலம்புகிறார்கள். புலம்பட்டும்.

2012-ல் ஐரோப்பிய அறிவியல் குழு ஒன்று மொத்தத் தரவையும் பார்த்து, மனிதர்களுக்கு அலர்ஜி தருவது உறுதியானவை 82 என்றது. 54 தனி வேதிப்பொருள், 28 இயற்கைச் சாறுகள். பொதுமக்களில் நூற்றுக்கு 1 முதல் 3 பேருக்கு இந்த அலர்ஜி இருக்கலாம் என்றும் கணித்தது. அதை ஒட்டி 2023-ல் வந்த புதிய சட்டம் பட்டியலை 80க்கு மேல் நீட்டியது. அதில் சந்தன எண்ணெய் இருக்கிறது. மல்லிகை இருக்கிறது. கற்பூரம், மென்தால், கிராம்பு எண்ணெய், யூகலிப்டஸ் எண்ணெய் எல்லாம் இருக்கிறது. "நாங்க கெமிக்கல் சேர்க்கலைங்க, எல்லாம் மூலிகை" என்று சொல்லி விற்பவர்களிடம் இந்தப் பட்டியலைத்தான் காட்டணும். தோலுக்கு மூலக்கூறுதான் தெரியும், அது தோட்டத்திலிருந்து வந்ததா தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்று அது கேட்பதில்லை. இன்னொரு விஷயம், லிமோனீனும் லினலூலும் புதிதாக இருக்கும்போது சாதுவானவை. காற்றுப் பட்டுப் பட்டு ஆக்சிஜனோடு சேர்ந்தால்தான் வீரியமான அலர்ஜிப் பொருளாக மாறுகின்றன என்று ஸ்வீடனில் ஆன்-தெரேஸ் கார்ல்பெர்க் குழுவினர் காட்டினார்கள். அலமாரியில் மூடி சரியாக மூடாமல் மூன்று வருஷமாகக் கிடக்கும் ஆரஞ்சு எண்ணெயையும் லாவெண்டர் எண்ணெயையும் தூக்கிப் போடுவதற்கு இது போதுமான காரணம்.

லேபிளால் தீராத பிரச்சினை ஒன்று உண்டு: மற்றவர் பூசிய வாசனை. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் 1990களிலேயே மருத்துவமனை, பள்ளிக்கூடம், அலுவலகங்களில் 'வாசனை பூசி வராதீர்கள்' என்ற அறிவிப்புகள் வர ஆரம்பித்தன. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ஒரு மாநகராட்சி ஊழியர், உடன் வேலை செய்பவரின் செண்டாலும் ரூம் ஃப்ரெஷ்னராலும் மூச்சுவிட முடியவில்லை என்று, மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டார். 2010-ல் ஒரு லட்சம் டாலரோடு சமரசம் ஆனது. மூன்று கட்டிடங்களில் ஊழியர்கள் வாசனைப் பொருள் பூசி வர வேண்டாம் என்று மாநகராட்சி அறிவிப்பும் வைத்தது.

இதை அப்படியே இங்கே கொண்டுவர முடியுமா என்றால், எனக்குச் சந்தேகம்தான். அங்கே வாசனை ஒருவரின் தனி விருப்பம். இங்கே அது மரியாதை. வாசலில் பன்னீர்ச் சொம்போடு நிற்கும் பெண் பிள்ளை தெளிப்பது என்மேல் உள்ள பிரியம். சந்தனக் கிண்ணத்தை நீட்டும்போது "வேண்டாம்" என்றால் கோபித்துக்கொண்டு போகிறேன் என்று அர்த்தம். கோயிலில் கற்பூர ஆரத்தி முடிந்து தட்டு வரும்போது கையை எடுத்துக்கொள்ள முடியுமா? நான் செய்வது இது: பன்னீருக்குப் புடவைத் தலைப்பை நீட்டுவேன், சந்தனத்தை விரல் நுனியில் தொட்டு உடனே கைக்குட்டையில் துடைத்துவிடுவேன். அத்தை முதலில் முகம் சுளித்தார். இப்போது அவரே சம்பந்தி வீட்டாரிடம், "எம் மருமகளுக்குத் தோல்ல ஆகாதுங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க" என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார். இந்த ஒரு வாக்கியம் எந்த லேபிளையும் விடப் பெரிய உதவி.

அலுவலகம் இன்னும் கஷ்டம். செண்ட் அடித்து வராதே என்று ஒருவரிடம் சொன்னால் 'உன்மேல் நாற்றம்' என்று சொன்ன மாதிரி அவர் காதில் விழுகிறது. அதனால் நான் உன்னால் எனக்கு என்று ஆரம்பிப்பதில்லை. என் கழுத்தைக் காட்டித்தான் ஆரம்பிப்பேன். பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள். ஒரு பழைய வேலையிடத்தில் மட்டும், நான் சொன்ன மறுவாரமே கழிப்பறையில் இருந்த வாசனை வில்லை என் மேசைக்கு மேலே ஏசி வாயிலுக்கு இடம் மாறியது. தற்செயல் என்றார்கள்.

வீட்டுக்குள் நடைமுறை இதுதான். துணிக்கு வாசனை சேர்க்காத தூள், துணி மென்மையாக்கும் திரவம் கிடையவே கிடையாது, தலையணை உறைக்கு இரண்டு முறை அலசல். தலைக்குச் செக்கில் ஆட்டிய வெறும் தேங்காய் எண்ணெய். பாத்திரம் கழுவக் கையுறை. ஊதுபத்தி பூஜை அறை ஜன்னலோரம், ஒன்று மட்டும். சோப்பு வாங்கும்போது 'அன்சென்டட்' என்று போட்டிருந்தால் நம்புவதில்லை. மூலப்பொருளின் வாடையை அமுக்க வாசனை சேர்த்துவிட்டு, மணம் தெரியாததால் அப்படிப் போடுபவர்கள் உண்டு. 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ' என்பது கொஞ்சம் மேல். அதிலும் பென்சைல் ஆல்கஹால், ஏதாவது பூ எண்ணெய், மூலிகைச் சாறு இருக்கிறதா என்று கீழே வரை படிக்கணும். பட்டை, கிராம்பு, வனிலா சாப்பிட்டால் படை கூடுகிறது என்று பெரு பால்சக்காரர்கள் சிலர் சொல்வது மருத்துவ நூல்களிலும் இருக்கிறது. எனக்குப் பிரியாணியால் ஒன்றும் ஆகவில்லை, அந்த அளவுக்கு அதிர்ஷ்டம்.

புதுப் பொருள் எதையும் நேராக முகத்துக்குக் கொண்டு போவதில்லை. 1986-ல் பின்லாந்துக்காரர்களான ஹன்னுக்செலா, சாலோ இருவரும் விவரித்த எளிய முறை ஒன்று இருக்கிறது: முழங்கை மடிப்புக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில், தினம் இரண்டு வேளை, குறைந்தது ஒரு வாரம் தடவிப் பார்ப்பது. கழுவாமல் விடும் கிரீம், லோஷனுக்கு மட்டும்தான் இது. சோப்பை இப்படித் தேய்த்து விட்டால் யாருக்கும் எரியும். அமெரிக்காவிலும் 2022 கடைசியில் வந்த சட்டம் வாசனை அலர்ஜிப் பொருட்களின் பெயரைப் போடச் சொல்கிறது, எவையெவை என்ற விதி தனியாக வரணும். ஐரோப்பாவின் 80 சொச்சப் பட்டியல் புதிய பொருட்களுக்கு 2026 ஜூலை 31 முதல், ஏற்கெனவே கடையில் இருப்பவற்றுக்கு 2028 ஜூலை 31 முதல். வால் இன்னும் நீளும். அதுவரைக்கும் முழங்கைதான். இப்போது இடது கையில் ஒரு கிரீம், ஐந்தாம் நாள். நேற்று ராத்திரி லேசாக அரித்த மாதிரி இருந்தது. காலையில் தடவிப் பார்த்தால் தடிப்பு இல்லை.